எல்லா டூரும் அந்த ஊர் வழியாத்தான்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த சோபாவுல வேண்டாம், அது பள்ளமா இருக்கு, உக்காந்தா எந்திரிக்க முடியாது. இப்பிடி என் பக்கத்துல வாங்க. வயிறு இப்ப எப்பிடி இருக்கு? நேத்தே சொன்னேன்லா, சீஸ் பண்ணையில சும்மா குடுக்கான்னு துண்டு துண்டா வாங்கி ருசி பாக்காதீங்கன்னு. ஒரே ரூம்ல படுக்கிற மனுசன் சொன்னா கேக்கணும். இப்ப பாருங்க, மொத்த பஸ்ஸும் காத்தாலைக் காத்தாடி பாக்கப் போயாச்சு, நீங்க கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடந்துக்கிட்டிருக்கீங்க.

நானா? நான் போகலை. காலையில டூர் மேனேஜர் தம்பி பஸ்ல தலை எண்ணும்போதே முழங்கால் வலின்னுட்டேன். ஆமா, கோட்டு போட்டிருக்கேன், ஷூ நனைஞ்சிருக்கு, எல்லாம் சரிதான். முழங்கால் வலிக்காரன் எங்க போயிட்டு வாரான்னுதானே பாக்கீங்க? சொல்லுதேன். மொதல்ல இந்த டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்துக்கிடுங்க, முந்திரிக்கொத்து. ஐயோ, உங்களுக்கு வயிறு சரியில்லைல்லா. சரி, மூடியே இருக்கட்டும்.

எனக்கு இந்த ஆம்ஸ்டர்டாம் இது நாலாவது தடவை. மேனேஜர் தம்பி கூட ஏர்போர்ட்டுல கேட்டான், "சார், அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வாரீங்களே, அவ்வளவு பிடிச்சுப்போச்சா"ன்னு. பிடிச்சுப்போச்சும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லா டூரும் இந்த ஊர் வழியாத்தான் போகுது, நான் என்ன செய்ய? மொத தடவை லண்டன், பாரிஸ்னு பெரிய ஐரோப்பா டூர். அதுல இது வந்தது. அடுத்தது பூ பாக்குற டூர், டியூலிப். பூ இங்கனதானே பூக்குது. மூணாவது தடவை நார்வே, சுவீடன்னு குளிர் ஊரு. அதுக்கும் இங்கன இறங்கி ஒரு நாள் தங்கித்தான் போனாங்க. இங்கன இறங்காம துபாய் வழியாப் போற டூரும் ஒண்ணு இருந்தது. அது எனக்குத் தேதி ஒத்து வரலை.

சும்மா சொல்லக் கூடாது, டூர்னா எனக்கு உசிரு. பிரான்சுல அந்த இரும்புக் கோபுரம், சுவிட்சர்லாந்துல பனிமலை, இத்தாலியில சாஞ்ச கோபுரம், ஒண்ணு விடலை. ஆனா இந்தக் காத்தாடி இருக்கு பாத்துக்கிடுங்க, அதைத்தான் அதிகம் பாத்திருக்கேன். நம்ம கயத்தாறு, பணகுடி பக்கம் இல்லாத காத்தாடியா? பஸ்ல திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் போனா ரெண்டு பக்கமும் காத்தாடிதான். அதைப் பாக்க பிளேன் ஏறி வருவாங்களான்னு என் வீட்டுக்காரி சிரிப்பா. சண்முகவடிவுன்னு பேரு. வடிவும்பேன்.

என் மகனுக்கு இந்த ஊர்லதான் வேலை. பிரமநாயகம்னு எங்கப்பா பேரை வச்சோம். வீட்டுல பிரமு. ஒரே பிள்ளை. ஆமா, இங்கனதான். நான் அவனைப் பாக்க வந்தேன்னு நீங்க நினைச்சுக்கிடக் கூடாது. நான் ஊர் பாக்க வந்தவன். அதைத் தெளிவாச் சொல்லிப்புடுதேன்.

நான் ரிஜிஸ்தர் ஆபீசுல இருந்தேன். சப்-ரிஜிஸ்தராரா ரிட்டயர் ஆனேன். அம்பாசமுத்திரம், கடையநல்லூர், சங்கரன்கோவில்னு எல்லா ஊர்லயும் இருந்திருக்கேன். ஓடி வந்த பிள்ளைங்க எத்தனை பேருக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிச்சு வச்சிருக்கேன் தெரியுமா? பெத்தவங்க வெளிய நின்னு மண்ணை வாரித் தூத்துவாங்க. நான் அவங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, தண்ணி குடுத்து, "பெரியவரே, பிள்ளைங்க சந்தோசம்தான் முக்கியம், பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு புத்தி சொல்லுவேன். அப்பிடி ஒரு தாராள மனசு எனக்கு. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

அப்பிடிப்பட்டவன் வீட்டுல பிரமு வந்து நின்னான். பொண்ணு நம்ம ஆளுகதான். சாதி, சனம், படிப்பு, ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, அது சரிப்படாம கோர்ட்டுல தீத்துட்டு வந்த பிள்ளை. கையில ஒரு பெண் குழந்தை வேற. என் மகனுக்கு என்ன தலையெழுத்து, சொல்லுங்க? இருக்கிறது ஒரே பிள்ளை. மாப்பிள்ளைக் கோலத்துல பாக்கணும்னு நினைச்சிருப்பேன்லா? "ஏல, ஊரான் பெத்த பிள்ளைக்கு நீ அப்பனா?"ன்னு கேட்டேன். "ஆமாப்பா"ன்னான். கொஞ்சம் கூட யோசிக்கலை, ஆமாப்பாங்கான். போடா வெளியன்னுட்டேன். நீயா வந்து தப்புன்னு சொல்ற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். மெட்ராஸுல ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டான். எந்தப் படுபாவி சப்-ரிஜிஸ்தரார் அதுக்குக் கையெழுத்துப் போட்டானோ, அவன் நல்லாயிருக்க மாட்டான்.

அப்புறம் இந்த ஊருக்கு வேலை கிடைச்சு, மூணு பேருமா வந்துட்டாங்க.

வடிவு அழ மாட்டா, அழுதா நான் சத்தம் போடுவேன்னு தெரியும். காலையில ரெண்டு டம்ளருக்குப் பதிலா மூணு டம்ளர் காப்பி ஆத்தி வச்சுட்டு நிப்பா. அந்த மூணாவது டம்ளரையும் நான்தான் குடிப்பேன். என்ன செய்ய, கொட்ட முடியுமா? அப்பிடியே கொஞ்ச நாள் போச்சு. அப்பத்தான் ஒரு நாள் பேப்பர்ல இந்த டூர் விளம்பரம் வந்தது. நம்ம சாப்பாடு, நம்ம பாஷை பேசுற மேனேஜர்னு போட்டிருந்தான். வடிவுகிட்ட காமிச்சேன். அவ கண்ணாடியைப் போட்டு ஊர் பேரையெல்லாம் ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிச்சுட்டு, "இது பிரமு இருக்கிற ஊருல்லா?"ன்னா. "அப்பிடியா? இருக்கும். நாம ஊர் பாக்கல்லா போறோம்"னேன். அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், "ஆமா, ஊர்தான் பாக்கணும்"னா.

கிளம்புறதுக்கு முன்னாடி என் கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன். வடிவோட தங்கச்சி, தென்காசியில இருக்கா. அவ வாய்ல ஒரு விசயம் போட்டா அது எங்க போய்ச் சேரணுமோ அங்க போய்ச் சேந்துரும். அவகிட்ட இன்ன தேதி, இன்ன ஹோட்டல், இன்ன நேரத்துக்குக் காத்தாடி பாக்கப் போறோம்னு எல்லாத்தையும் சொன்னேன். சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

மொத தடவை வந்தப்பவும் இதே ஹோட்டல்தான், எப்பவும் இங்கனதான் தங்க வைப்பாங்க. காலையில எந்திரிச்சு ரெடியாகுதோம், வடிவு கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "முழங்கால் வலிக்குதுங்க, என்னால ஏறி இறங்க முடியாது, நீங்க போய்ட்டு வாங்க"ன்னா. எனக்கு வந்தது பாருங்க கோவம். இத்தனை தூரம் வந்துட்டு ரூம்ல படுத்துக் கிடக்கேங்காளேன்னு. அதுல வேடிக்கை என்னன்னா, ரூம்ல கிடக்கப் போறவ, கத்தரிப்பூக் கலர் பட்டுச்சேலை கட்டியிருக்கா. "யாருக்குடி பட்டுச்சேலை?"ன்னு கேட்டா, "ஊரு குளிருதுல்லா"ங்கா. பட்டு குளிர் தாங்கும்னு எவன் சொன்னானோ. பொம்பளைங்க புத்தின்னு நினைச்சுக்கிட்டு நான் பஸ் ஏறிட்டேன்.

அங்க போனா, எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ள மரச்செருப்பு செய்றதைப் பாக்கப் போனாங்க. நான் போகலை. வாசல்லயே நின்னேன். வெயில் இருக்கு, ஆனா காத்து ஊசியாக் குத்துது. எதுக்கு நின்னேன்னா, எனக்கு அந்த மர நாத்தம் ஆகாது. அதோட உள்ள போயிட்டா வெளிய யாரும் வந்தா தெரியாதுல்லா. யாரும்னா, பொதுவா சொல்லுதேன். நிறைய நம்ம ஊர் ஆளுக வருவாங்க அங்க. ஒருத்தன் முதுகு அப்பிடியே பிரமு முதுகு மாதிரி இருந்தது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடப்பான் அவன், சின்னதுல புத்தகப் பையை ஒரு தோள்லயே போட்டுப் போட்டு அப்பிடி ஆயிப்போச்சு. நான் வேகமா நடந்து முன்னாடி போய்த் திரும்பிப் பாத்தேன். யாரோ குஜராத்திப் பையன். என்னைப் பாத்துச் சிரிச்சு, போட்டோ எடுக்கணுமா அங்கிள்னு கேட்டான். எடுன்னுட்டேன். அந்தப் போட்டோ இன்னும் வீட்டு ஹால்ல இருக்கு. எல்லாரும் நல்லா விழுந்திருக்குன்னு சொல்லுவாங்க.

மூணு தடவையும் இதேதான் தம்பி. மூணு தடவையும் இந்த ஊர் வந்ததும் அவளுக்கு முழங்கால் வலி. பனிமலையில வலிக்காது, பாரிஸ்ல வலிக்காது, பட்டுச்சேலையும் கேன்வாஸ் ஷூவுமா எனக்கு முன்னாடி நடப்பா. இங்க மட்டும் வலிக்கும். மூணு தடவையும் நான் காத்தாடி வாசல்ல நின்னேன். அவன் வரலை. தெரியும் அவனுக்கு, கொழுந்தியா சொல்லியிருப்பா, வரணும்னு இருந்தா வந்திருக்கலாம்லா? சைக்கிள்ல கூட வரலாம், இந்த ஊர்ல எல்லாரும் அதுலதானே போறாங்க. ஒரு தடவை மழை வேற. எல்லாரும் பஸ்ல ஏறின பிறகும் நான் குடையோட நிக்கேன். மேனேஜர் தம்பி இறங்கி வந்து, "சார், போதும் சார், காத்தாடி எங்கயும் போகாது"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான்.

சாயங்காலம் ரூமுக்கு வந்தா வடிவு சன்னலோரம் உக்காந்திருப்பா. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு மரச்செருப்புல செஞ்ச சாவிக்கொத்து ஒண்ணு வாங்கிட்டு வருவேன். "பாவம், ஒண்ணையும் பாக்காம இருந்துட்டாளே"ன்னு எனக்கு மனசு கேக்காது. எல்லாத்தையும் சொல்லுவேன். காத்தாடி எப்பிடிச் சுத்துது, உள்ள எப்பிடித் தண்ணி இறைக்கான், வாத்து எப்பிடி வரிசையாப் போகுதுன்னு, வாத்து நடக்கிற மாதிரி நடந்து காமிச்சுச் சொல்லுவேன். அவ கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பா. அப்ப அவ முகத்தைப் பாக்கணுமே நீங்க. கல்யாணத்தப்ப கூட நான் அப்பிடிப் பாத்ததில்லை. அவ்வளவு சந்தோசம் முகத்துல. எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது தம்பி. நாம சொல்ற விதத்துல ஒரு மனுசி ஊரையே பாத்த மாதிரி பூரிச்சுப் போறாளேன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரே ஒரு தடவை சண்டை போட்டேன். ஊர்ல இருந்து கிளம்பும்போது டப்பா நிறைய முந்திரிக்கொத்து செஞ்சு எடுத்துட்டு வருவா. பெட்டியில எடை கூடிப்போச்சுன்னு என் ஸ்வெட்டரை எடுத்து வெளிய வச்சுட்டு அந்த டப்பாவை வச்சா. வழியில எனக்கு ஒண்ணு தர மாட்டா, "இருக்கட்டும், இருக்கட்டும்"பா. இந்த ஊரைத் தாண்டின பிறகு பாத்தா டப்பா காலி. கேட்டா, ரூம் கூட்ட வந்த பொம்பளைக்குக் குடுத்துட்டேங்கா. "வெள்ளைக்காரிக்கு முந்திரிக்கொத்தோட அருமை என்னடி தெரியும்? மொத்தத்தையுமா தூக்கிக் குடுப்பாங்க?"ன்னு பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரி கத்தினேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுதாளோன்னு நினைச்சேன். சிரிச்சாளோ என்னமோ, இப்ப யோசிச்சா தெரியலை.

போன ஐப்பசியில போயிட்டா. படுத்தா, எந்திரிக்கலை. ஒரு மருந்து மாத்திரைக்குக் கூட வேலை வைக்கலை எனக்கு. காலையில காப்பி வரலையேன்னு போய்ப் பாத்தேன்.

வேண்டாம், தண்ணி வேண்டாம். இருங்க, சொல்லி முடிச்சுருதேன்.

கொழுந்தியாதான் பிரமுவுக்குச் சொல்லியிருக்கா. அவன் வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருந்தாங்க. மறுநா மதியம் வந்தான். அவன், அந்தப் பொண்ணு, அந்தக் குழந்தை, மூணு பேரும். வீடு நிறைய சனம். நான் நாற்காலியில உக்காந்திருந்தேன், எந்திரிக்கலை. அவன் அம்மா காலடியில போய் விழுந்தான். நான் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பிள்ளை, எட்டு வயசு இருக்கும், ஆதிரைன்னு பேரு, அது நடு வீட்டுல நின்னுக்கிட்டு அண்ணாந்து உத்தரத்தைப் பாக்கு, அடுக்களையைப் பாக்கு, சாமி படத்தைப் பாக்கு. பாத்துட்டு அவங்கம்மா சேலையைப் பிடிச்சு இழுத்து, நல்ல சத்தமா கேட்டது. "இது யாரு வீடும்மா? ஆச்சி ஹோட்டல்லதான இருப்பாங்க?"

ஒப்பாரி வச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க கூட நிறுத்திட்டாங்க. எல்லாரும் என்னைப் பாக்காங்க. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியலை. என்ன ஹோட்டலு, எந்த ஆச்சின்னு இருக்கு. அவங்கம்மா பிள்ளை வாயைப் பொத்தப் போனா. பிள்ளை கையைத் தள்ளிட்டு என்னைக் கை காமிச்சு, "இவங்க யாரு?"ன்னு பிரமுகிட்ட கேட்டது. அவன் அம்மா காலைப் பிடிச்சுக்கிட்டே, தலை நிமிராம, "தாத்தா"ன்னான். உடனே அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. "ஓ! எப்பவும் ஊர் பாக்கப் போயிருவாங்களே, அந்தத் தாத்தாவா?"ன்னது.

அந்தத் தாத்தாதான். நான்தான் அது.

மூணு தடவையும் வந்திருக்காங்க தம்பி. நான் பஸ் ஏறின பிறகு வந்து, நான் திரும்புறதுக்கு முன்னாடி போயிருக்காங்க. நீங்களும் நானும் இப்ப உக்காந்திருக்கோம்லா, இங்கனதான், இந்த ஹோட்டல் ஹால்லதான் உக்காந்து பேசியிருக்காங்க. அவ முந்திரிக்கொத்தை ஊட்டி விட்டிருக்கா. அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னி விட்டிருக்கா. நான் அங்க காத்துல குடையைப் பிடிச்சுக்கிட்டு, வாற போற முதுகையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கேன்.

எனக்கு அழுகை வரலை அன்னைக்கு, கோவம்தான் வந்தது. செத்துக் கிடக்கிறவ மேல கோவம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? நாப்பது வருசம் கூட இருந்தவனை இப்பிடியா நினைக்கிறது? சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்னு நினைச்சிருக்கா. விட்டிருக்க மாட்டேன்தான். அது வேற விசயம். ஆனா சொல்லியிருக்கணும்.

பதினாறாம் நாள் முடியிற வரைக்கும் இருந்தாங்க. அந்தப் பொண்ணுதான் அடுக்களையைப் பாத்துக்கிட்டது. நேரத்துக்கு எனக்குக் காப்பி வந்தது. சக்கரை எவ்வளவுன்னு கேக்கலை, சரியா இருந்தது. வடிவு சொல்லிக் குடுத்திருக்கா போல. நான் யாருகிட்டயும் பேசலை. வீட்டுல துட்டி நடந்திருக்கு, பேசுறதுக்கு என்ன இருக்கு? அவன் வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் பேசுவேன். அவன் சொல்லலை.

கிளம்புற அன்னைக்குக் காலையில என் முன்னாடி வந்து நின்னான். நான் பேப்பரை விரிச்சு வச்சிருந்தேன். "அப்பா"ன்னான். நான் பேப்பரை இறக்கலை. ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தான். வேலை மாறுது, பங்குனியில மாறுது, டொரண்டோன்னு என்னமோ சொன்னான். "நீங்க எங்ககூட வந்து இருங்கப்பா"ன்னும் சொன்னான். காதுல விழுந்தது, மனசுல நிக்கலை. ஏன்னா பேப்பருக்குப் பின்னாடி எனக்குக் கண்ணு ரெண்டும் கொட்டுது. பேப்பரை இறக்கினா பாத்துருவான்லா? அதான் இறக்கலை. நின்னு நின்னு பாத்துட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான். அந்தப் பிள்ளையும் தொட்டது. சின்னக் கை, சில்லுன்னு இருந்தது.

ஆட்டோ போன பிறகுதான் பேப்பரை மடிச்சேன். முந்தின நாள் பேப்பரு.

அதுக்குப் பிறகு அந்த வீட்டுல இருக்க முடியலை. வடிவு இருந்தவரைக்கும் எல்லாருக்கும் எல்லாச் செய்தியும் தெரியும். அவ போன பிறகு கொழுந்தியாளும் பிரமுவும் கூட முன்ன மாதிரி பேசிக்கிடுறதில்லை. அப்பத்தான் இந்த டூர் வந்தது. பூ சீசன். இந்த வருசம் டியூலிப் நல்லா பூத்திருக்குன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். வாறதுக்கு முன்னாடி தென்காசிக்குப் போனேன். கொழுந்தியாகிட்ட, "முந்திரிக்கொத்து செய்யத் தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டேன். அவ செஞ்சு குடுத்தா. பிரமு வீட்டு விலாசத்தையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, நான் கேக்காமலே சட்டைப் பையில வச்சு விட்டா.

இன்னைக்குக் காலையில எல்லாரும் போன பிறகு, இங்கன வந்து இதே இடத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரம் வாசலையே பாத்தேன். அவளுக்கு வந்தாங்கள்லா. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது, நான் வந்திருக்கது யாருக்குத் தெரியும்? ரிசப்ஷன் மேசையில இருந்த பொண்ணுகிட்ட விலாசத்தைக் காமிச்சேன், டாக்ஸிக்குச் சொல்லிக் குடுத்தது. வண்டியில ஏறி டப்பாவை மடியில வச்சுக்கிட்டேன். இத்தனை நாடு சுத்தியிருக்கேன், மேனேஜர் இல்லாம, கொடி பிடிக்கிற ஆள் இல்லாம ஒரு தெரு தனியாப் போனதில்லை நான். வழி பூரா என்ன பேசணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே போறேன். "பாப்பாவுக்கு ஆச்சி செஞ்ச மாதிரியே இருக்கான்னு கேளு"ன்னு ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணினேன். அப்பிடிச் சொன்னா யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லைல்லா?

செங்கல் வீடு, வரிசையா ஒரே மாதிரி. வாசல்ல சைக்கிளு. வாசப்படியில ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தது தம்பி. பாதி உரிஞ்சு போய், பாதிக் கோலம். அதை மிதிக்காம ஓரமா நின்னு பெல்லை அடிச்சேன். உள்ள காலடிச் சத்தம் கேக்கு. தலையைத் தடவி விட்டுக்கிட்டேன்.

வெள்ளைக்காரன் ஒருத்தன் திறந்தான். தோள்ல கைக்குழந்தை தூங்குது. பிரமநாயகம்னேன். தலையை ஆட்டினான். விலாசத்தைக் காமிச்சேன். படிச்சுட்டு, "கனடா"ன்னான். "போயிட்டாங்க, போன மாசம், டொரண்டோ"ன்னு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அப்பத்தான் தம்பி, பேப்பருக்கு அந்தப் பக்கம் நின்னு அவன் சொன்னதெல்லாம் எனக்கு ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டது.

நல்ல மனுசன் அவன். நான் அப்பிடியே நிக்கதைப் பாத்துட்டு, உள்ள வாங்க, குளிருதுன்னான். "நீங்க அவங்களுக்கு யாரு? சொந்தக்காரங்களா? அப்பாவா?"ன்னு கேட்டான். குழந்தை முழிச்சு என்னைப் பாக்கு.

"டூரிஸ்ட்"னேன்.

என்ன செய்ய, வாயில அதுதான் வந்தது. அப்பான்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா, மகன் ஊர் மாறினது கூடத் தெரியாத அப்பனான்னு நினைச்சிருப்பான்லா? டூரிஸ்ட்டுன்னதும் அவனுக்குக் குழப்பம். "காத்தாடி அந்தப் பக்கம்"னு கை காமிச்சான். தேங்க்யூன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டாக்ஸி போயிருச்சு. மழையில ரொம்ப தூரம் நடந்தேன். அதான் ஷூ.

ஆமா தம்பி, அழுதேன். அழுதா என்ன இப்ப? இங்க யாருக்கு என்னைத் தெரியும்?

போன் பண்ணச் சொல்லுதீங்க. நம்பர் இருக்கு. வடிவு போன் என் பையிலதான் இருக்கு, மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், அதுல இருக்கும். ஆனா கூப்பிட்டு என்ன சொல்லச் சொல்லுதீங்க? உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன், நீ இல்லைன்னா? பெத்த அப்பன் நான், அவன்தானே கூப்பிடணும்? வேண்டாம். போனை வைங்க. நீங்களும் கூப்பிடாதீங்க, சொல்லிட்டேன்.

அந்தா பஸ் வந்துட்டுது. எல்லாரும் மரச்செருப்போட இறங்குதாங்க பாருங்க. மேனேஜர் தம்பி இப்ப உள்ள வருவான். நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். நான் கேட்டா அவன் சிரிப்பான், நீங்க கேளுங்க. அவங்க கம்பெனியில கனடா டூர் உண்டான்னு கேளுங்க. நயாகரான்னு ஒரு அருவி இருக்காம்லா, உலகமே போய்ப் பாக்குதாம். குத்தாலத்துல குளிச்சவனுக்கு அருவி பாக்கக் கனடாவான்னு நினைக்காதீங்க, எனக்கு ரொம்ப நாளா அதைப் பாக்கணும்னு ஒரு ஆசை. போற வழியில டொரண்டோவுல ஒரு நாளாவது தங்குவாங்களான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்.